கூடையைக் கவிழ்க்காதீர்கள்

“…அதெல்லாஞ் செரி அம்மிணி, நா இதைத் தூக்கிக் குடுத்தர்றேன்னே வெச்சுக்கோங்க. உங்க மொதலாளி இதைத் தொடச்சுப் பளபளன்னு பண்ணி, மறுக்கா எந்த ஊட்டுப் புள்ளைக்கு விப்பாரு? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

கேட்டவர் என் தங்கையின் நாத்தனார். இடம், கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டில் அவர்கள் வீட்டு நடு அறை. ‘இது’ என்று அவர் காட்டியது ஒரு சிவப்பு நிற ஹீட்டர். அதன்மேல் மூங்கில் கூடை கவிழ்ந்திருந்தது. கூடையின் மேல் முழுக்கக் குழந்தைத் துணிகள். இரண்டு முழம் தள்ளிக் கட்டிலில் தங்கை. அவள் பக்கத்தில், பிறந்து மாதம் நிறையாத அவள் மகள்.

உள்ளே நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம் சுவிட்சை அணைத்தது. நாத்தனார் எழுந்து வந்து போட்டார். “இதைக் குடுத்துருங்க” என்று நான் மறுபடி அணைத்தேன். அவர் போட்டார். “சொந்தக்காரியா, ஒறம்பரையா வந்தீங்கன்னா காப்பி வெக்கறேன். வசூலுக்கு வந்தீங்கன்னா வாசல்லயே நில்லுங்க” என்றார். மூன்றாவது முறை அணைத்துவிட்டு சுவிட்சின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். அந்த நிலையில்தான் மேற்படி கேள்வி வந்தது.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். குன்னூர் மார்க்கெட்டில் பாத்திரமும் மின்சாமானும் விற்கும் ஒரு கடையில் பில் போடச் சேர்ந்தேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ‘குக்கர், தரமானது, விலை குறைவு’ என்று அதில் எழுதியிருக்கும். நாய்கூட நின்று படிக்காது. ஒரு நாள் முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது அதை அழித்துவிட்டு, ‘மாமியார் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பருப்பு வெந்துவிடும்’ என்று எழுதினேன். சாயங்காலம் குக்கர் அடுக்கில் இடம் காலியாக இருந்தது. அதிலிருந்து பலகை என் கைக்கு வந்தது. பிறகு கடையின் விளம்பர ஆட்டோவில் மைக்கில் பேசுவதும் நான்தான், கைபேசி ஸ்டேட்டஸ் போடுவதும் நான்தான்.

இந்த வேலையை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஜனங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பேன், அவ்வளவுதான். அதிலும் இந்த நாத்தனார் வாயைத் திறந்தால் எனக்கு ஒரு வாரத்துக்குப் பலகைக்குக் கவலையில்லை. சின்ன வயதிலிருந்து அடுத்தவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, தம்பியை வளர்த்து, அவனுக்கு என் தங்கையைக் கட்டி வைத்தவர். எங்கள் அம்மா இல்லாததால் பிரசவத்துக்குப் பிறகும் தங்கையை அனுப்ப மாட்டேன் என்று தன்னிடமே வைத்துக்கொண்டவர். தங்கைக்கு எட்டாம் மாதம் நடந்தபோது, அந்த ஆடி மழையில் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: “கொடியில தொங்கறது துணியில்லீங்க அம்மிணி. ஈரத்தைத்தான் காயப்போட்டிருக்கறோம்.”

மறுநாள் அதையே எடுத்துப் பலகையில் போட்டேன். ‘கொடியில் தொங்குவது துணியா, ஈரமா? ஹீட்டர்மேல் கூடையைக் கவிழ்த்துங்கள். பிள்ளைத் துணி பொரி மாதிரி காயும்.’

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை மாதத்தில் பிள்ளை பெற்ற வீடு எதுவானாலும் கவிழ்ந்த கூடை இருக்கும். முன்பு அதற்கு அடியில் கரித்தணல் சட்டி இருந்தது. இப்போது ஹீட்டர் இருக்கிறது. ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியில் சோபாவும் கம்பளமும் கால் நீட்டிச் சிரிக்கும் ஒரு குடும்பமும்தான் படமாக இருந்தன. கூடையைப் பற்றி அந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் விற்றது. முதல் ஆளாக வாங்கியவர் நாத்தனார். “நா சொன்னதையே எனக்கு வித்துப்போட்டீங்களே, கெட்டிக்காரி” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனவர், அக்கம்பக்கத்துக்காரிகளையும் கூட்டி வந்து வாங்க வைத்தார்.

அப்புறம்தான் கம்பெனியிலிருந்து கடைக்கு அந்தச் செய்தி வந்தது. ஆங்கிலத்தில், வழவழவென்று, வாடிக்கையாளர் நலன், கூடுதல் முன்னெச்சரிக்கை என்று ஆரம்பித்தது. விற்கிற எழுத்தை எழுதுகிறவளுக்கு மறைக்கிற எழுத்து தெரியாதா? மைதாவைச் சலிப்பதுபோலச் சலித்தேன். கடைசியில் தேறியது இதுதான்: சூடு ஏறினால் தானாகவே மின்சாரத்தை நிறுத்த வேண்டிய விசை அந்த ஹீட்டரில் வேலை செய்யவில்லை. மேலே ஏதாவது மூடியிருந்தால் ஹீட்டரின் வெளிக்கூடு உருகித் தீப்பிடிக்கலாம். உடனே நிறுத்துங்கள், ஒயரை வெட்டுங்கள், வெட்டியதைப் படம் எடுத்து அனுப்புங்கள், பணம் தருகிறோம்.

மேலே ஏதாவது மூடியிருந்தால்! எங்கள் ஊரில் மூடாத ஹீட்டர் எது?

“ரேக்குல இருக்கறதை உள்ளே எடுத்து வெச்சிரு” என்றார் முதலாளி. “வித்ததை விடு.”

“எப்படீங்க விடறது? பூராவும் புள்ளை இருக்கற ஊடுங்க.”

யோசித்தார். “செரி, எக்சேஞ்ச் மேளான்னு போர்டு எழுது. அந்த மாடலைக் கொண்டாந்தா புதுசுக்குத் தள்ளுபடி. ஆனா ஒயரை வெட்ட வேண்டாம்னு சொல்லு. சாமான் முழுசா வரட்டும். பந்தலூர்ப் பக்கம் என்ர மச்சினன் கடை இருக்குதில்ல, அங்க தள்ளிக்கலாம்.”

சாதாரணமாக, வெல்லம் எந்த மண்டியில் போடலாம் என்று பேசுவதுபோலச் சொன்னார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் என்றால் தன் வீட்டிலிருந்து ரசம் கொடுத்தனுப்புகிறவர்தான். ரசம் வேறு, இது வேறு.

“எக்சேஞ்ச்னு எழுதினா யாரும் தரமாட்டாங்க. நல்லா எரியற அடுப்பை எவ தூக்கிக் குடுப்பா? ஆபத்துன்னு எழுதணுங்க.”

“ஆபத்துங்கற வார்த்தை என்ர கடை போர்டுல ஏறுச்சுன்னா நாளைக்கு ஒரு கரண்டி வாங்க ஆள் வராது. நீ எழுதறதுக்குச் சம்பளம் குடுக்கறவன் நானு.”

சாக்பீஸை எடுத்தேன். ‘கூடையைக் கவிழ்க்காதீர்கள். எங்களிடம் வாங்கிய சிவப்பு ஹீட்டர் தீப்பிடிக்கும். இப்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். ஒயரை வெட்டுங்கள்.’

என் வாழ்நாளில் இவ்வளவு மொட்டையாக ஒரு பலகை எழுதியதில்லை. பருப்பும் இல்லை, மாமியாரும் இல்லை. முதலாளி வந்து ஈரத் துணியால் துடைத்தார். பலகை காயும்வரை நின்று, அதே வார்த்தைகளை இன்னும் பெரிதாக எழுதினேன். அவர் பலகையையே திருப்பிச் சுவர்ப்பக்கம் வைத்தார். பலகை அவருடையது, கைபேசி என்னுடையது. ஸ்டேட்டஸில் போட்டேன். பில்லில் இருந்த எண்களைப் பார்த்து, வாங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்தும் சொன்னேன்.

“நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றார்.

“இன்னைக்கே கிளம்பறேனுங்க. கோத்தகிரி பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

ஏனென்றால் எல்லோரும் போனை எடுத்தார்கள், என் தங்கையைத் தவிர; நாத்தனார் கூட்டி வந்தவர்களின் பில்லிலும் அவள் எண்தான் இருந்தது. பிள்ளை பெற்றவள் போனைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று நாத்தனார் அதை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவைத்திருந்தார். அவரே எடுத்து, “நல்லா இருக்கா, தூங்கறா, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார். வழியில் என் வீட்டுக்குள் நுழைந்து இஸ்திரிப் பெட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். பஸ் கட்டபெட்டு ஏறும்வரை பனி மூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக் கூரைப் புகையையும் பார்த்து, அது அடுப்புப் புகைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். சுவிட்சுக்கு முதுகு கொடுத்து நிற்கிறேன். விஷயத்தை முழுவதும் சொல்லியாயிற்று.

“விக்கறப்ப பொரி மாதிரி காயும்னீங்க. இப்ப பொசுங்கிப் போகும்ங்கறீங்க. உங்க வாயி ஒண்ணா ரெண்டா?” என்று நாத்தனார் ஆரம்பித்தார்.

“ஒண்ணுதானுங்க. அன்னைக்குத் தெரிஞ்சதை அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்குத் தெரிஞ்சதை இன்னைக்குச் சொல்றேன்.”

“எடை கம்மியாப் பொறந்த புள்ளை. கதகதப்பா வெச்சிருங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லியனுப்பிருக்காங்க. இதைக் குடுத்துட்டு ஈரத் துணியிலயா போடச் சொல்றீங்க?”

நியாயமான கேள்வி. பையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் காட்டினேன். “ஒவ்வொரு துணியா நா தேய்ச்சுக் காய வெச்சுத் தர்றேன். வேலை போனவதானே, பொழுதன்னைக்கும் தேய்க்கறேன்.”

“வேலை போச்சா?” என்றாள் தங்கை கட்டிலிலிருந்து.

“போச்சு.”

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது, பிடி இறங்கவில்லை. அப்போதுதான் கேட்டார், திருப்பிக் கொடுத்தால் முதலாளி அதை எந்த வீட்டுப் பிள்ளைக்கு விற்பார் என்று. இத்தனை நேரமும் நான் அவரை ஹீட்டர்மேல் ஆசை வைத்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நினைப்பு எனக்கு முன்னால் மலை இறங்கி, அடுத்த ஊருக்கே போய்விட்டிருந்தது.

உப்பு தின்ற கடையைப் பற்றிச் சொல்ல நாக்கு கூசியது. சொன்னேன்.

“ஒயரை வெட்டாம முழுசா வாங்கச் சொன்னாருங்க. பந்தலூர்ல அவரு மச்சினன் கடைக்கு அனுப்பப் போறாராம். கம்பெனி வெட்டத்தான் சொல்லிருக்குது.”

“பந்தலூர்ல புள்ளை பொறக்கறதில்லீங்களாமா?” என்றார் நாத்தனார்.

நான் சுவிட்சை விட்டு நகர்ந்தேன்.

அவர் சுவிட்சைத் தொடவில்லை. பிளக்கைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினார். துணிகளை வாரித் தங்கையின் மடியில் போட்டார். கூடையைத் தூக்கி, உள்பக்கம் முகர்ந்து, முகத்தைச் சுளித்து, என்னிடம் நீட்டினார். மூங்கில் பத்தைகள் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தன. தங்கை குழந்தையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாத்தனார் பின்கட்டுக்குப் போய்த் தேயிலைச் செடி கவாத்து வெட்டும் கத்தியோடு திரும்பி வந்தார். ஹீட்டரை வாசற்படியில் வைத்து, ஒயரை மிதித்துக்கொண்டு, ஒரே வெட்டு.

“போட்டோ எடுக்கோணும்னீங்களே, எடுங்க” என்றார். எடுத்தேன். துண்டான ஒயரை என் கையில் வைத்துவிட்டு, கத்தியை இடுப்பில் செருகாமல் கையிலேயே பிடித்தபடி, தான் ஹீட்டர் வாங்க வைத்த பக்கத்து வீட்டின் கதவை இன்னொரு கையால் படபடவென்று தட்டினார்.