தாங் பேரரசைத் தாங்கிய அங்கிள்

ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் சீனாவில் விழுந்துபோன தாங் பேரரசை அண்மைவரை ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அமிர்தநாதர் அங்கிள். சீனாவில் இது ஒருவருக்கும் தெரியாது.

மன்னாரில் பிறந்தவர். தொண்ணூற்றிரண்டில் கனடா வந்தார். ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவி, பக்டறியில் காருக்குக் கதவு பூட்டி, கடைசியில் மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டத் தொடங்கினார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம்வரை வேலை இல்லை. மல்வேர்னில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போனில் கேம் விளையாடுவார். அந்தக் கேமில் அவர் தாங் எல்லை மாகாணம் ஒன்றின் படை ஆளுநர். படை, வரி, தானியம் எல்லாம் அவர் பொறுப்பு. பிரேசில், பிலிப்பைன்ஸ் என்று எங்கெங்கோ இருந்து முகம் தெரியாத நாற்பது பேர் அவருடைய கோட்டைக்குள் குடியிருந்து விளையாடினார்கள்.

இந்த மாசியில் சக்கரவர்த்தியாக இருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் கேமை விட்டுப் போய்விட்டான். உடனே மற்ற ஆளுநர்கள் தங்களுக்குத் தாங்களே முடி சூட்டிக்கொண்டார்கள். உண்மையான சரித்திரத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது என்று அங்கிள் சொன்னார். அந்தப் பாடத்துக்கு நான் நித்திரை. மூன்று புது ராசாக்கள் அங்கிளின் கோட்டையை வளைத்தார்கள். உள்ளே நாலு நாள் தானியம்தான் இருந்தது. கதவைத் திறந்து பணிந்தால் நாற்பது பேரும் வருடக்கணக்காகச் சேர்த்தது தப்பும். இல்லாவிட்டால் எல்லாருக்கும் பூச்சியம்.

அங்கிள் திறக்கவில்லை. கதவு சக்கரவர்த்தியுடையதாம், அவருடைய உத்தரவு வேண்டுமாம். ஐந்து கடிதம் அனுப்பினார். பதில் இல்லை. கட்டிக்கொடுத்த மீன் பணிஸ் அப்படியே வீடு திரும்புகிறது என்று அங்கிளின் மனைவி பேர்ணடெற் அன்ரி என் அம்மாவிடம் சொல்லிக் கவலைப்பட்டா.

எனக்குப் பகிடி விட மட்டும்தான் தெரியும். சக்கரவர்த்தியின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துப் புது எக்கவுண்ட் திறந்தேன். இங்கிலிஷில் உத்தரவு எழுதினேன்: ஏழு வருடம் நன்றாகக் காத்தீர்கள், இனிக் கதவைத் திறவுங்கள், பழி என்னுடையது. முத்திரைக்கு ஒரு டிராகன் படம். இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

அன்று பகல் கோட்டைக் கதவு திறந்தது. நாற்பது பேரும் தப்பினார்கள்.

அடுத்த நாள் அங்கிள் டிரைவ்வேயில் விழுந்த சினோப் பனியைச் சவலால் வழித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் சவலைச் சுவரில் சாத்திவிட்டு, போனை எடுத்து அந்த உத்தரவை நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை.

"நேற்று வாசிக்கேக்கையே கண்டிட்டன். கதவு திறந்தது திறந்ததுதான், அதை விடு," என்றார். "ஏழு வருசமா என்னைக் கவர்னர் எண்டு எழுதின சக்கரவர்த்தி, நேற்று மட்டும் ஏன்ரா அங்கிள் எண்டு எழுதினவர்?"