ஒஸ்ரியாக்காரரின் அமெரிக்கப் பேணி

இந்தத் தேநீர்ப் பேணியின் அடியில் ஏன் இப்படிக் கீறியிருக்கிறது என்று கேட்கிறாய். உனக்கு வேறு வேலை இல்லையா? அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிறது, அதைப் பார்க்கக் கண் இல்லை, பேணியைக் கவிழ்த்துப் பார்க்க மட்டும் கண் இருக்கிறது. மற்றவர்களின் வெட்கத்தைக் கிண்டிப் பார்ப்பதில் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு ருசி உண்டு. அது என்னிடமிருந்து வந்த ருசி என்பதால் உன்னை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. சரி, கேள். கேட்டு முடித்ததும் பேணியைத் துடைத்து எடுத்த இடத்திலேயே வை.

நாங்கள் பீலெஃபெல்டில் இரண்டாம் மாடியில் இருந்த காலம். எங்களுக்குக் கீழ் வீட்டில் இந்தப் பேணியைத் தந்தவர் தனியாக இருந்தார். பெரிய லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பக்கத்து நாடான ஒஸ்ரியாவில் பிறந்து, எங்களுக்கு முன்பே இந்த ஜெர்மனிக்கு வந்து, ஜெர்மன்காரியையே கட்டி, இங்கேயே தலை நரைத்தவர். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ஒஸ்ரியாக்காரர்தான். அவர் பேசும் ஜெர்மனை இங்குள்ளவர்கள் இழுத்து இழுத்துச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். என் ஜெர்மனைக் கேட்டுச் சிரிக்கவும் ஆள் பஞ்சமில்லை. இரண்டு நொண்டிகள் படிக்கட்டில் நின்று, நேராக ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல நாங்கள் இருவரும் பேசிக்கொள்வோம். அவர் சொன்னதையெல்லாம் நம்முடைய பேச்சிலேயே சொல்கிறேன். அவருடைய பேச்சு என் வாய்க்குள் நுழையாது.

ஒரு நாள் அவருடைய வெள்ளைக் காரை நான் துடைத்துக் கொடுப்பதைப் பார்த்து, "ஏன் என்ர காரில இவ்வளவு பாசம்?" என்று கேட்டார். ஊரில் இருக்கும் என் தமக்கைக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும், காரோடு நின்றால் நல்லது என்றேன். பள்ளிக்கூடத்தில் நிலம் துடைக்கிறவளுக்குக் கார் ஏது என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய்க் கமராவோடு வந்தார். "சாவியைக் கையில பிடியுங்கோ. சாவி இல்லாட்டி ஒருத்தரும் நம்பாயினம்," என்றார். பொய்க்கு எங்கே ஆணி அடிக்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அவருக்கு ஒரே மகள். அமெரிக்கச் சிப்பாய் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். யூரோ வந்த புதிதில் அவர் முதல் தடவையாக அவளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபின் படிக்கட்டே நாடகக் கொட்டகை ஆகிவிட்டது. "தண்ணி கேட்டால் பனிக்கட்டிதான் தருவினம். அதுக்குள்ள தண்ணியை நாங்கள்தான் தேடிப் பிடிக்க வேணும்," என்றார். "கக்கூஸ் கதவு முழங்கால் மட்டுக்குத்தான். உள்ள இருக்கிறவற்ற சப்பாத்துக்குக் காலை வணக்கம் சொல்லிப்போட்டு வந்தன்," என்றார். "பக்கத்திலதான் எண்டு மருமகன் கூட்டிக்கொண்டு போறான், மூண்டு மணித்தியாலம் கார் ஓடுது. எங்கட நாட்டில அவ்வளவு ஓடினால் ரெண்டு எல்லை தாண்டியிருப்பன்." ஒரு காலை அவர் மகளின் வீட்டிலிருந்து சும்மா நடக்கப் போயிருக்கிறார். பொலிஸ் கார் வந்து நின்று, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறது. மகள் ஓடிவந்து, "இவர் ஒஸ்ரியாக்காரர், சும்மா நடக்கிறவர்," என்று சொல்லி மீட்டுக்கொண்டு போனாளாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைக்காரப் பெண்ணின் கதை. எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். கேட்டால் சொல்ல வேண்டுமே என்று இவர் தன் முழங்கால் நோவைத் தொடக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அற்புதம்," என்றாளாம். "அவையளுக்கு எல்லாம் அற்புதம்தான். சாகக் கிடக்கிறன் எண்டாலும் அற்புதம்," என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.

அடுத்த வருடம் மறுபடியும் போகிறேன் என்று கட்டடம் முழுக்கச் சொன்னார். நம் ஆட்களிடம் ஒருவர் விமானம் ஏறப்போகிறார் என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். போகிறவரின் பெட்டியில் பாதி அவருக்கு, பாதி நமக்கு. என் தம்பியின் மகன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தான், உறைப்பில்லாமல் நாக்குச் செத்துவிட்டது என்று அழுதுகொண்டிருந்தான். நான் மிளகாய் வறுத்துத் தூள் இடித்து, மூன்று உறைக்குள் கட்டி, கீழே கொண்டுபோனேன். அவர் பாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மகள் இருக்கிற இடத்துக்கும் இதுக்கும் தூரமே?" என்றார். "அமெரிக்காக்குள்ளதானே, பக்கத்திலதான்," என்றேன். வாங்கிக்கொண்டார். அவருடைய பகிடியை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சந்தோசப் புளுகத்தோடு மேலே ஏறினேன்.

இரண்டு கிழமை, பதினான்கு நாள், அவர் வீட்டு யன்னல் மூடிக் கிடந்தது. பிறகு பெட்டியோடு வந்து இறங்கினார். படிக்கட்டில் மறுபடியும் கூட்டம். கதைகள் முன்னையதை விடப் பெரிதாக இருந்தன, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஏதோ ஒன்று பல்லில் கல் கடிபட்டது போல இருந்தது. முதல் தடவைக் கதைகளில் முட்டாளாக இருந்தவர் அவர். இந்தத் தடவை அமெரிக்கர்கள்தான் முட்டாள்கள், அவர் ஒரு இடத்திலும் இடறவில்லை. அதைவிட, ஒரு கதையிலும் மகள் வரவில்லை. ஓடிவந்து மீட்டுக்கொண்டு போக அவள் இல்லை.

அன்று மாலை அவர், பயணத்துக்கு முன் நான் வடை போட்டுக் கொடுத்த சட்டியைத் திருப்பித் தந்தார். வெறும் பாத்திரம் கொடுக்கக்கூடாது என்று என்னிடம் கற்றுக்கொண்டவர் ஆயிற்றே, சட்டிக்குள் இந்தப் பேணி இருந்தது. அமெரிக்கக் கொடி போட்டது, ஒரு குடும்பமே தேநீர் குடிக்கலாம். கழுவக் கவிழ்த்தேன். அடியில் விலைத்துண்டு ஒட்டியிருந்தது, யூரோவில். நம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையின் பெயர்.

அங்கே வாங்க மறந்து போயிருப்பார், வந்தபின் வாங்கியிருப்பார் என்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அதற்குள் தம்பியின் மகன் தொலைபேசி எடுத்தான். "மாமி, தூள் வந்திட்டுது. ஏன் தபாலில போட்டு வீண்செலவு செய்தனீங்கள்? பெட்டி முழுக்க ஜெர்மன் முத்திரை," என்றான். அவன் சோறு குழைத்துத் தின்னும் சத்தம் கேட்டது.

மகள் வரவேண்டாம் என்று சொன்னாளோ, வா என்று சொல்லாமலே இருந்தாளோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த மனிதர் அமெரிக்காவுக்குப் போகாமல் எங்கேயோ ஒரு அறையில் இரண்டு கிழமை ஒளிந்திருந்திருக்கிறார், அந்த ஒளிப்பிடத்துக்கும் என் மிளகாய்த்தூளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஏலாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பேன் என்று பயந்திருப்பார். நான் கேட்டிருப்பேன், அதுதான் என் குணம். அவருடைய கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சிரித்த அந்தப் படம் ஊரில் தமக்கை வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதை நினைத்தபோது முகம் சுட்டது.

அடுத்த நாள் படிக்கட்டில் கண்டபோது, மனம் கேட்காமல், "மகள் சுகமோ?" என்றேன். அவர் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அற்புதம்."

விலைத்துண்டை அன்றே கத்தியால் சுரண்டினேன். அவசரத்தில் ஆழமாக இழுத்துவிட்டேன். நீ கேட்ட கீறல் அதுதான்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. மூன்றாம் மாடியில் மன்னார்க்காரி ஒருத்தி இருந்தாள், நல்ல மனம், நீளமான நாக்கு. அடுத்த வருடமும் அவர் போகிறாராம் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்கட பாசல் போய்ச் சேர்ந்ததுதானே. நானும் அமெரிக்காவில இருக்கிற என்ர அண்ணைக்குக் கொஞ்சம் கருவாடு குடுத்துவிடப்போறன்."

"கருவாடோ?"

"கொஞ்சம்தான். சும்மா இல்லையக்கா, எங்கட வீட்டுக்காரர் வான் வண்டியைக் கொண்டுவருவார். பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு எல்லாருமாப் போய் எயார்போட்டில விட்டிட்டு வருவம். பாவம், தனிய மனிசன். உள்ள போகுமட்டும் நிண்டு கை காட்டுவம்."

நம் ஆட்கள் கை காட்டத் தொடங்கினால் ஆள் கண்ணுக்கு மறையும் வரை விடமாட்டார்கள். பயணச்சீட்டு இல்லாத மனிதர் எந்த வாசலுக்குள் போய் மறைவார்?

"கருவாட்டோட அந்தாளுக்குப் பக்கத்திலயும் போயிடாதை," என்றேன். "என்ர தூளால அவர் பட்ட பாடு உனக்குத் தெரியாதே? எயார்போட்டில நாய் வந்து பெட்டியை மணந்து பார்த்திருக்கு. மணந்த நாய் தும்மத் தொடங்கிட்டுதாம். சப்பாத்தைக் கழட்டி, பெல்ட்டைக் கழட்டி, அரைநாள் ஒரு அறையில வைச்சிருந்திருக்கினம். தூளைத் தபாலில போடு எண்டு திருப்பிக் குடுத்துத்தான் ஆளை ஏத்தினவங்கள்."

"ஐயோ, உண்மையே?"

"முத்திரை குத்தின பெட்டி அங்க கிடக்கு, என்ர மருமோனை, தம்பின்ர மகனைக் கேள். இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் கூட வரக்கூடாதாம். எங்கட உடுப்பு மணத்துக்கே நாய் பாயுமாம்."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டு மேலே ஓடினாள். பொழுது சாய்வதற்குள் கட்டடம் முழுக்க அந்த நாய் தும்மியது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அது எனக்குப் பழக்கம். அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கெடுத்தது அந்தப் பெருமைதான். அவருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்து படியேறும்போது, கீழ் வாசலில் மன்னார்க்காரி அவரை மறித்து வைத்திருந்தாள். "நாய் தும்மினதாமே?" என்று தன் ஜெர்மனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு விளங்கவில்லை. பிறகு என்னைக் கண்டார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். பிறகு அவளிடம் திரும்பி, "ஓம். விடாமல் தும்மினது. நாய்க்கு லீவு குடுத்திட்டினம்," என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். கதவைத் திறந்து உள்ளே போனார், சாவி இரண்டு தரம் திரும்பியது. பகலில் அவர் கதவைப் பூட்டுவதில்லை.

அதன் பிறகு அவர் அமெரிக்கா போகவும் இல்லை, அமெரிக்கக் கதை சொல்லவும் இல்லை. என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார், சப்பாத்தைப் பார்த்து. நான் அனுப்பிய வடைச் சட்டி கழுவித் துடைத்து, வெறுமையாக, என் வாசலில் இருந்தது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதவரைக்கும் எங்களுக்கு ஒரு படிக்கட்டு இருந்தது. இப்போது வேறு வீடு, வேறு ஊர். பேணி மட்டும் கூடவே வருகிறது. ஒரு நாளும் அதில் தேநீர் குடித்ததில்லை.

ஒஸ்ரியாக்காரர் ஏன் இப்போது உங்களோடு நின்று கதைப்பதில்லை என்று, அங்கே இருந்த காலத்தில் பக்கத்து வீடுகளில் கேட்கத்தான் செய்தார்கள். என்ன சொல்வது? "எல்லாம் என்ர தூளாலதான். அந்தாளுக்கு இன்னும் கண் எரியுது," என்றேன்.