ஆர்பின் எடுத்துக் கொடுத்த அடி

வெர்லீன் ஸ்டிடம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வெள்ளிக்கிழமையானால் பீர் விற்கும் கூடங்களில் பாடுகிறாள். கென்டக்கி மலைகளுக்குள் எங்கள் ஓடைப்பக்கத்தில் இரண்டுக்குமே அவளை விட்டால் ஆள் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் சொந்தமாக ஓர் ஆல்பம் போடும் துணிவு அவளுக்கு வந்தது. காதுக்குள் கிடந்ததையெல்லாம் அதில் கொட்டினாள். குடித்துவிட்டு அழுகிற கன்ட்ரி பாட்டு, சுரங்க வேலைக்கு வந்த கறுப்பினக் குடும்பங்களிடம் கேட்ட ப்ளூஸ், பிடிலும் பான்ஜோவும் முட்டிக்கொள்ளும் ஆட்டப்பாட்டு, புகையிலை அறுவடைக்கு வந்த மெக்சிகோக்காரர் ஒருவர் பழக்கிவிட்ட வால்ட்ஸ் நடன மெட்டு.

ஒன்றுதான் மிச்சம். ஆல்பம் ஒரு தேவாலயச் சபைப் பாட்டில் முடிய வேண்டும். அதற்கு அவள் அண்ணன் ஆர்பின் அடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் சபையில் பாட்டு அப்படித்தான். ஒருவர் ஓர் அடியைக் கடகடவென்று ஓதுவார். கூடியிருப்பவர்கள் அதை வாங்கி, இழுத்து இழுத்துப் பாடுவார்கள். வாத்தியம் உள்ளே வரக் கூடாது. சிறுமியாக அவள் முதலில் வாங்கிப் பாடியது ஆர்பினின் குரலைத்தான். ஆனால் பீர்க்கூடத்தில் அவள் பாடத் தொடங்கியதிலிருந்து அவள் பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், வேகவைத்த பீன்ஸுக்கும் சோள ரொட்டிக்கும் நடுவே கேட்டாள்.

“அண்ணே, ஒரே ஒரு பாட்டு. நீ எடுத்துக் குடு, நான் வாங்கிப் பாடுறேன்.”

“எதுக்கு? குடிகாரப் பாட்டுக்கு அடுத்தாப்புல வெக்கவா?”

“குடிகாரனுக்கும் காது இருக்குல்ல?”

“நாக்கு மட்டும் அப்படியே அம்மாவோடது.” ரொட்டியைப் பிட்டுக்கொண்டார். “அந்த ரூம்ல ஒரு வாத்தியக் கம்பிகூட இருக்கப்படாது. சொல்லிட்டேன்.”

அது சம்மதம் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

ஒலிப்பதிவு, பேஸ் என்னும் ஆளுயரக் கம்பி வாத்தியம் வாசிக்கும் டெல்பர்ட்டின் கார் கொட்டகையில் நடந்தது. சபைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஆர்பின் வாசலிலேயே நின்றுவிட்டார். தூறலில் வாத்தியங்களெல்லாம் வெளியே போயின. டெல்பர்ட் தன் பெரிய பேஸை, குடித்து விழுந்த மச்சானைத் தூக்குவதுபோல அணைத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினான். டிரம்காரன் ராஸ்கோ மட்டும் அசையவில்லை.

“பிரதர் ஆர்பின், டிரம்ல ஏதுங்க கம்பி? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

“சின்ன டிரம்முக்கு அடியில கம்பி கட்டியிருக்கு, திருப்பிப் பாரு. மூணாவது பாட்டுல சரசரன்னு அடிப்பியே, அது என்ன வைக்கோலா?”

ராஸ்கோ வாயைப் பிளந்தான். வெர்லீன் மெல்லத் திரும்பினாள்.

“மூணாவது பாட்டு உனக்கு எப்படிண்ணே தெரியும்?”

ஆர்பின் தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறினார். “வெள்ளிக்கிழமை ராத்திரி மலைப்பாதையில தனியா வர்றியேன்னு பின்னாடியே வண்டியில வருவேன். நீ பாடி முடிக்கிற வரைக்கும் வெளியில நிக்கணும்ல? காதைக் கழட்டியா வெக்க முடியும்?”

“எத்தனை வருஷமா?”

“பாட்டு எடுக்கப் போறமா, இல்ல விசாரணையா?”

டிரம்மும் வெளியே போய், கொட்டகையில் வாத்தியமே இல்லாமல் ஆனது. ஆர்பின் கண்ணை மூடி முதல் அடியை ஓதினார். அவள் வாங்கவில்லை. அவர் காத்திருந்தார், கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் பாடினாள். பின்சுவரோரம் கைக்கு வேலையில்லாமல் நின்றிருந்த டெல்பர்ட்டும் ராஸ்கோவும்கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

“அக்கா, முதல் அடிக்கப்புறம் காலியாக் கெடக்கே. நெருக்கி ஒட்டிரட்டுமா?” என்று பிற்பாடு டெல்பர்ட் கேட்டான்.

“அப்படியே விடு.”

ஆல்பம் வந்தபோது ஆர்பின் சொன்னது ஒன்றுதான்: “அந்த வால்ட்ஸ் கொஞ்சம் நீளம்.” அவர் வண்டியில் அந்த டிஸ்க் தேய்கிற அளவுக்கு ஓடியதை ஊரே கேட்டது.

அடுத்த வசந்தத்தில் அவர் இறந்துபோனார்.

இப்போதெல்லாம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகு வெர்லீன் கடைசிப் பாட்டைப் போடுகிறாள். காலியான பேருந்து வளைவுகளில் இறங்குகிறது. ஆர்பின் ஓதுகிறார், பிறகு மழை. அந்த இடைவெளியில் அவள் உடனே வாங்கிக்கொள்கிறாள். சற்றுப் பொறுத்து ஆல்பத்தில் இருக்கும் வெர்லீனும் வந்து சேர்ந்துகொள்கிறாள்.