மூன்று இழுப்பு

பேய் பிசாசு என்று யாராவது என் படகில் உட்கார்ந்து கதை சொன்னால், அதுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுங்க என்று கேட்கிற ஆள் நான். ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில் பதினாறு வருடமாகப் படகு ஓட்டுகிறேன். கொழுந்து பறிக்கிற பெண்களைக் காலையில் அக்கரையில் இருக்கிற தேயிலைத் தோட்டத்து டிவிசனில் கொண்டுபோய் விடுவேன், மாலையில் கூட்டி வருவேன். மழையில் ஓட்டியிருக்கிறேன், இருட்டில் ஓட்டியிருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் இதைச் சொல்ல வந்திருக்கிறேன் என்பது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. நடந்தது நடுராத்திரியில்கூட இல்லை, போன வருடம் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு.

என் தங்கச்சி செல்வியின் புருஷன் ரவிக்குத் திருகோணமலையில் வேலை. வெள்ளைக்காரர்களுக்கு முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்கு அடியில் கூட்டிப்போகிற வேலை. எல்லாரும் பெரிய மீன், ஆமை என்று தேடினால் இவர் மட்டும் மணலுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு நகக்கண் அளவு உயிர்களைப் படம் எடுப்பார். நீலக் கொம்பு முளைத்த நத்தை, அரிசி அளவு கடற்குதிரை, உடம்புக்குள் இருக்கிறதெல்லாம் வெளியே தெரிகிற இறால். போனில் அதைக் காட்டினால் என் படகுப் பெண்கள் வாயில் வெற்றிலையை மறந்துவிடுவார்கள்.

கடலில் மட்டும்தான் என்று நாம் நினைக்கிற ஜெல்லி மீனில் ஒரு சின்ன வகை நல்ல தண்ணீரிலும் இருக்கிறதாம். அது எங்கள் தண்ணீரில் இருக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லீவுக்கு வந்தவர் வேனில் சிலிண்டரோடு வந்து இறங்கினார்.

"கடலையே கையில வச்சிக்கிட்டு, நம்ம குண்டுச் சட்டியில என்னாத்த தேடுறாரு மாப்ள?" என்று கேட்டார் என் படகில் வருகிற பாக்கியம் அக்கா. அவர் வாயைத் திறந்தால் அன்றைக்கு முழுக்கச் சிரிக்க எனக்கு அதுவே போதும்.

செல்விக்கு அப்போது ஏழு மாதம். வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னாள்: "அண்ணே, போன மாதிரியே கொண்டாந்து விட்டுருங்க. எனக்கு வேற ஒன்னும் வேணாம்." நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ரவி படகில் உட்கார்ந்து இடுப்பில் பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு கணக்குச் சொன்னார். "ரெண்டு பேரா எறங்கணும் மச்சான், அதுதான் முறை. இங்க ரெண்டாவது ஆளு நீங்கதான், மேல இருந்து. ஒரு தடவ இழுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். ரெண்டு தடவன்னா கயித்த விடுங்க. மூணு தடவன்னா யோசிக்காம தூக்கிருங்க. காத்து நாப்பது நிமிசம் வரும்."

"எனக்கு நீச்சல் தெரியாது மாப்ள."

"பதினாறு வருசமா போட் ஓட்டுறீங்க?"

"அதனாலதான் விழாம ஓட்டுறேன்."

சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய தேயிலை மலை இருக்கிறது, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த இரண்டு லயம் இருக்கிறது. அணை கட்டும்போது எல்லாரையும் முன்னாலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ஆள்கூடச் சாகவில்லை. இதை நான் பல பேரிடம் கேட்டுவிட்டேன், அந்த நாளுக்குப் பிறகு.

கொஞ்ச நேரம் குமிழி தெரிந்தது. பிறகு மலையிலிருந்து பனி இறங்கி வந்தது. எங்கள் பனி உங்களுக்குத் தெரியும், வந்தால் படகின் மறுமுனைகூடத் தெரியாது. குமிழியும் போயிற்று, கரையும் போயிற்று, நானும் கயிறும் மட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். ஒரு இழுப்பு பதில் வரும். நான் ஒன்று, அவர் ஒன்று. வெடுக்கென்று இல்லை, நிதானமாக, இருக்கேன் இருக்கேன் என்று சொல்கிற மாதிரி. மனசுக்கு அவ்வளவு தெம்பாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

நாற்பது நிமிடம் ஆனது. வரவில்லை. மூன்று தடவை இழுத்தேன், வந்துருங்க மாப்ள என்று. ஒரு இழுப்பு வந்தது. நல்லா இருக்காராம். நாற்பத்தைந்து. ஒரு இழுப்பு. ஐம்பது. ஒரு இழுப்பு. காற்றே இல்லாமல் ஒரு மனிதன் எப்படி நல்லா இருப்பான்? பலங்கொண்ட மட்டும் தூக்கிப் பார்த்தேன், பாறையைத் தூக்குகிற மாதிரி அசையவே இல்லை. குதிக்க எனக்கு வழியில்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மாப்ள மாப்ள என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன். அப்புறம் கத்தவும் தெம்பில்லாமல், கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, செல்வியிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் கயிறு ஒரு தடவை இழுத்தது. நான் கேட்காமலே.

அப்போதுதான் பின்னால் கரைப்பக்கமிருந்து குரல் வந்தது. "மச்சான், மச்சான், கேக்குதா?"

ரவிதான். கரையில் நிற்கிறார். ஆள் தெரியவில்லை, குளிரில் பல் அடித்துக்கொள்வது பேச்சிலேயே தெரிகிறது.

"எவ்வளவு நேரமா கூப்புடுறேன். பனியில ஒங்களுக்கு கேக்கல போல."

"கயிறு?"

"எறங்கி பத்து நிமிசத்துலயே அவுத்துட்டேன் மச்சான். படம் எடுக்க தோதா இல்ல. கீழ ஒரு தேயிலைத் தூரு இருந்துச்சு, அதுல கட்டிட்டு, திரும்பி வந்து பிடிச்சிக்கலாம்னு போனேன். சேறு கலங்கிருச்சு, தூரு எங்கன்னு தெரியல. அப்புடியே கரையேறிட்டேன்."

என் உயிர் திரும்பி வந்தது. அழுதேன், வெட்கம் என்ன இதில். போன மாதிரியே வந்துவிட்டார், செல்வி முகத்தைப் பார்க்கலாம். சரி என்று கயிற்றைக் கட்டையில் சுற்றப் போனேன்.

கயிறு இழுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"மாப்ள, கயிறு இழுக்குது."

"தூருல கட்டுனது மச்சான். போட் ஆடுது, அதான்."

படகு ஆடவில்லை. முன்னும் பின்னும் கல் போட்டு நிறுத்தியிருந்தேன். பனி அப்படி உட்கார்ந்திருக்கிறது என்றாலே காற்று இல்லை என்றுதானே அர்த்தம்.

மறுபடியும் மூன்று. இந்தத் தடவை அவசரம் இருந்தது அதில்.

"மூணு தடவ இழுக்குது மாப்ள."

 

என் கை தானாகவே தூக்கப் பார்த்தது, யோசிக்காம தூக்கிருங்க என்று சொல்லியிருந்தாரே. அவ்வளவு நேரம் பாறையாக இருந்த கயிறு இப்போது வந்தது. ஒரு முழம், இரண்டு முழம். கட்டை கனம் இல்லை, மீன் கனமும் இல்லை. நாலு தடவை மனுஷரைத் தண்ணீரிலிருந்து படகுக்குத் தூக்கியிருக்கிறேன், அந்தக் கனம் என் தோளுக்குத் தெரியும்.

"வெட்டுங்க மச்சான்," என்றார் ரவி. கத்தவில்லை, கெஞ்சினார். "செல்விக்காக வெட்டுங்க."

வெட்டினேன்.

அந்தப் பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். வெட்டின துண்டு தண்ணீர் மேலே வளைந்து வளைந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போகத் தொடங்கியது. மூழ்கவில்லை. ஒரு முழம் போகும், நிற்கும். இன்னொரு முழம் போகும், நிற்கும். கிணற்றில் வாளிக் கயிற்றைக் கைமாற்றி இழுப்பார்களே, அப்படி. மேலே ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பி, கீழே ஒருவர் ஏறி வருகிற மாதிரி. கடைசி நுனி உள்ளே போகும்வரை பார்த்தேன்.

ரவிக்குப் படம் கிடைத்தது. கண்ணாடிக் குடை மாதிரி ஒரு குட்டி ஜெல்லி மீன், நிறையப் பேர் பாராட்டினார்களாம். அந்தக் கயிற்றைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. அந்த இழுப்புக் கணக்கு எங்கள் இருவருக்கு மட்டும்தானே தெரியும், கீழே இருந்தவருக்கு யார் சொன்னது என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறேன். பயம் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தீங்கு செய்ய நினைத்திருந்தால் அது முதல் இழுப்பிலேயே முடிந்திருக்கும். நான் தவித்த ஒரு மணி நேரமும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று எனக்குப் பதில் சொன்னது யாரோ, அது என் ஆள் கரையேறி நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் தன்னைத் தூக்கச் சொல்லியது.