சாங்கோபுன்மியின் கோடரிக் கோல்

நைஜீரியாவின் ஏடே ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அமலா களி கிண்டி விற்ற சாங்கோபுன்மி யாருக்கும் வளைந்து கொடுத்தவள் அல்ல. சிறு வயதில் பள்ளிக்கூட வாத்தியார், இடிச்சாமி சாங்கோவின் பெயர் எதற்கு என்று அவளை ஒலுபுன்மி ஆக்கினார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் வாயே திறக்க மாட்டாள். அடித்துப் பார்த்தார். கடைசியில் அவர்தான் சலித்துப்போய்ப் பழைய பெயருக்குத் திரும்பினார்.

அம்மா அவளுக்கு விட்டுப்போனது ஒரு கோடரிக் கோல். மண்டியிட்ட பெண் உருவத்தின் தலைமேல் இருபுறமும் வாய் வைத்த மரக்கோடரி. சாங்கோ திருவிழாவில் அதைச் சுழற்றி அவள் ஆட இறங்கினால் மற்றவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள்.

தம்பி சாங்கோதாரே ஒரு கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து எரேமியா ஆனான். திருவிழாவுக்கு முந்தின நாள், அக்கா கடையில் இருந்த நேரம் பார்த்துக் கோலை அடுப்பில் செருகிவிட்டான். அவள் வீடு திரும்பியபோது கரிதான் மிச்சம்.

"உன் நல்லதுக்குத்தான்க்கா செஞ்சேன்."

அவள் கரியைக் கிளறிப் பார்த்தாள். "கட்டையைத்தானே எரிச்சே. ஆடுற கை எங்கிட்டதானே இருக்கு," என்றாள்.

மறுநாள் சிவப்புத் துணி சுற்றி, பாசிமணி அணிந்து, களி கிண்டும் துடுப்போடு போய் நின்றாள். சாமிக்கு இன்று சமையலா என்று கூட்டம் கேலி செய்தது. பறையடிக்கும் அயன்டோக்குன் கையை நிறுத்திவிட்டான். படைத்துக் கும்பிடாத கட்டைக்கு அடித்தால் தன் பறைக்கு ஆகாது என்றான்.

"நீ அடி. குத்தம்னா சாமி என் தலையில இடிய இறக்கட்டும். உனக்கென்ன வந்துச்சு?"

அவன் தயங்கித் தயங்கித்தான் தொடங்கினான். அவள் தோள் குலுங்கி, துடுப்பு மின்னல்போல் வெட்டித் திரும்பியதும் கேலி அடங்கியது. ஆடிக்கொண்டே ஊர்வலத்தைச் சபை வாசலுக்கு இழுத்துப் போனாள். எரேமியா உள்ளிருந்து சன்னலைச் சாத்தினான். வேர்வை கண்ணில் இறங்கும்வரை அவள் அங்கேயே ஆடினாள்.

அந்த மாதமே அவன் வேறு தெருவுக்குக் குடிபோனான். கோயில்காரர்கள் அவளுக்குப் புதிய கோல் செதுக்கித் தந்தார்கள். அதை வீட்டுக்குள் வைக்காமல், சாப்பிட வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். சபைக்காரர்கள் சிலர் கடைக்கு வருவதை விட்டார்கள். போனால் போகட்டும், பசித்தால் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டு களியைக் கிண்டினாள்.