இரண்டாம் கொன்ட்ரோலரும் கோலிங் பெல் பொத்தானும்

என் மகள் வாங்கி வைத்திருக்கும் புதிய வீடியோ கேம் கொன்ட்ரோலரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி கைப்பிடிகள், நடுவில் காளான் முளைத்ததுபோல் இரண்டு குமிழ்கள், முதுகுப்பக்கம் வேறு நாலைந்து பொத்தான்கள். திரையில் எதிலாவது மோதினால் போதும், உள்ளங்கைக்குள் கிர்ரென்று நடுங்குகிறது. விளையாட்டுச் சாமானைப் பிடித்திருக்கிறேனா, பயந்துபோன கோழிக்குஞ்சைப் பிடித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

"கைக்குப் பொருந்துற மாதிரி செஞ்சிருக்காங்கம்மா" என்கிறாள் மகள். யாருடைய கைக்கு என்பதுதான் என் கேள்வி.

எனக்குப் பிடித்தது பழைய தட்டைக் கொன்ட்ரோலர். சவர்க்காரக் கட்டியைக் கொஞ்சம் நீட்டிவிட்ட அளவுதான் இருக்கும். இடப்பக்கம் கூட்டல்குறி மாதிரி ஒரு திசைக்கட்டை, வலப்பக்கம் இரண்டு வட்டப் பொத்தான், அவ்வளவே. மூலைகள் உள்ளங்கையில் குத்தும். குத்தட்டும். அரை மணி நேரம் விளையாடினால் கையில் சிவப்பாக இரண்டு தடம் விழும், இன்றைக்கு உழைத்திருக்கிறோம் என்று ஒரு திருப்தி வரும். என் கணவருக்கு நேர்மாறான ருசி. அவருக்குத் தடி வைத்ததுதான் வேண்டும். மேசையில் ஒட்டிக்கொள்ள அடியில் ரப்பர் கிண்ணங்கள், பஸ் கியர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஒரு தடி, பக்கத்தில் விரலை எடுக்காமலேயே படபடவென்று சுடும் ஒரு பொத்தான். அந்தப் படபடப் பொத்தானைக் களவு என்பேன் நான். விஞ்ஞானம் என்பார் அவர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தீராத வழக்குகளில் அது ஒன்று.

நாங்கள் இருவரும் விளையாடப் பழகியது கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில். கண்டியில் ஒரே அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து, பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, வீட்டாரின் முகச்சுளிப்போடு கட்டிக்கொண்டவர்கள். அவர் யாழ்ப்பாணம். நான் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், கண்டியிலும் குண்டு வெடித்துவிட்ட பிறகு. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தவருக்கு வீடு கொடுக்க ஆளில்லை. கடைசியில் ஒரு முஸ்லிம் அம்மா தன் வீட்டின் மேல்மாடியை வாடகைக்குத் தந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தாத்தாவின் தம்பி சவூதியிலிருந்து கொண்டுவந்த டீவி கேம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தது என்ன, நாடு கடத்தப்பட்டு வந்தது. தாத்தாவின் இரண்டு பையன்களும் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்காமல் அதையே கட்டிக்கொண்டு கிடக்க, ஒருநாள் அவர் பெட்டியோடு தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"பரீட்ச முடியும் மட்டும் இது ஒங்கட ஊட்டுல ஈக்கட்டும் புள்ள. நீங்க ரெண்டு பேரும் படிச்சு முடிச்ச ஆக்கள்தானே, கெட்டுப்போக மாட்டீங்க."

ஒரே கிழமையில் கெட்டுப்போனோம்.

பெட்டிக்குள் இரண்டு தட்டைக் கொன்ட்ரோலர்களும் ஒரு பிளாஸ்டிக் துவக்கும் இருந்தன. டீவியைப் பார்த்துச் சுட்டால் வாத்து விழும். ஆனால் கறுப்புத் துவக்கோடு ஒரு யாழ்ப்பாணத்தார் ஜன்னலோரம் நின்று குறிபார்த்தால் வேறு எதெல்லாம் விழும் என்று யோசித்து, அதை முதல் நாளே துவாயில் சுற்றித் தாத்தாவிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

நாங்கள் விளையாடியது டாங்கிச் சண்டை. திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு பறவை இருக்கும். மேலேயிருந்து வரும் டாங்கிகள் சுவரை உடைத்துப் பறவையைச் சுட்டுவிடாமல் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும். நாடெங்கும் நிஜ டாங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளும் டாங்கியா என்று கேட்கலாம். கேட்டுக்கொண்டோம்தான். ஆனால் இந்தச் சண்டையில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம், தோற்றாலும் இன்னொரு தரம் ஆரம்பிக்கலாம். வெளியே இருந்ததில் அந்த வசதி இல்லை.

இனி எங்கள் பெரிய வழக்குக்கு வருகிறேன். இரண்டு கொன்ட்ரோலரும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் முதலாவதில் மட்டும் நடுவில் ஒரு சின்னக் கட்டை உண்டு. அதை அழுத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். இரண்டாவதில் அது கிடையாது. செய்தவன் எந்த நாட்டவனோ, இரண்டாவதாக உட்காருகிறவருக்கு நிறுத்தும் உரிமை தேவையில்லை என்று முடிவு கட்டியிருக்கிறான். சரி, மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். முதலாவதில் இடப்பக்க அம்பு தேய்ந்துபோயிருந்தது. பெருவிரல் நகத்தை ஒருச்சாய்த்து ஊன்றினால்தான் டாங்கி இடப்பக்கம் போகும். அந்த வித்தை என் கணவருக்கு மட்டும் வாய்த்தது. நான் பிடித்தால் என் டாங்கி வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே நான் நிரந்தரமாக இரண்டாவது.

இரண்டாவதாக உட்கார்ந்தவள்தான் அடுப்பிலும் பால் வைத்தவள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

"பால் பொங்குது, நிறுத்துங்க!"

"பொறும், பொறும். இந்த ஒண்டை அடிச்சிட்டு."

நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் என் டாங்கி செத்திருக்கும், பாலும் பாதி தரையில் இருக்கும். அதே மனிதர், அதிகாலைச் சோதனைக்காரர்கள் கதவைத் தட்டிவிட்டுப் போன நாட்களில் மாலை முழுக்க ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் கட்டையை அழுத்துவார். படியில் காலடி கேட்டாலும் அழுத்துவார், ஜீப் போனாலும் அழுத்துவார். கலவரத்தில் எல்லாம் பறிகொடுத்த என் அப்பா, கதவு தட்டினால் முதலில் விளக்கை அணைப்பார். இவர் டாங்கியை நிறுத்துகிறார், என்ன செய்வது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் என் பாலுக்கு மட்டும் நிறுத்தமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நாங்கள் அதுவரை எட்டாத கட்டத்தில், பருப்பு அடிப்பிடித்தது. நான் கத்தினேன். அவர் 'பொறும்' என்றார். பருப்பும் போய், டாங்கியும் போய், பறவையும் போனது. கொன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்தேன்.

"இனிமே உங்ககூட வெளையாடவே மாட்டேன். ஒங்க பொண்டாட்டிக்கு நிறுத்துறதுக்குக்கூட ஒரு கட்டை கிடையாது!"

அவர் கட்டிலில் கிடந்ததை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் காலை "டவுனுக்குப் போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு பையோடு போனார். பிறகு பார்த்தால் டீவி கேம் பெட்டி மட்டும் இருந்தது, இரண்டு கொன்ட்ரோலர்களையும் காணவில்லை. ஒளித்துவைத்துப் பழிவாங்குகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாத்தாவிடம் போய் என் கணவருடைய குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் தெரு திரீவீல்காரர் வந்து முற்றத்தில் நின்றார்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் என் கணவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துவைத்திருக்கிறார்களாம். பைக்குள் வயரும் பட்டனும் வைத்த ஏதோ ஒரு சாமானாம்.

காணாமல்போன கொன்ட்ரோலர்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று மாலைக்குள் விடாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் ஆள் எப்போது திரும்புவார், எங்கேயிருந்து திரும்புவார் என்று யாராலும் சொல்லமுடியாது. எங்கள் கந்தோரிலேயே அப்படிப் போன ஒருவரின் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

தாத்தாதான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். "அழுது என்ன புள்ள? சாமானக் கொண்டு போய் டீவில போட்டுக் காட்டுவம். வெளாட்டுச் சாமான்தானே." பெட்டியை எடுத்துவர என்னை மாடிக்கு அனுப்பினார். அவர் உள்ளே போய் எதையோ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் பாதி வழியில்தான் சொன்னார், எல்லாச் சாமானும் இருந்தால்தானே நம்புவார்கள் என்று அலுமாரியிலிருந்ததையும் கொண்டுவந்திருப்பதாக.

"எதை?"

"துவக்கத்தான்."

நான் போட்ட சத்தத்தில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். தாத்தாவின் மச்சானுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் துவாய்ப் பொட்டலத்தை அரிசி மூட்டைக்குள் குத்திவிட்டு, "பொறகு செல்றன்" என்று தாத்தா வெளியே வந்தார். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

சாவடிக்குள் என் கணவர் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார். மேசைமேல் எங்கள் இரண்டு கொன்ட்ரோலர்களும் கிடந்தன. முதலாவதின் முதுகைத் துளைத்து ஒரு சிவப்பு வயர் வெளியே வந்து, சுருண்டு சுருண்டு ஓடி, இரண்டாவதின் தலையில் முடிந்தது. அங்கே கறுப்பு டேப்பால் சுற்றி ஒட்டியிருந்தது ஒரு கோலிங் பெல் பொத்தான். வீட்டு வாசலில் வைப்பார்களே, அந்த வெள்ளைப் பொத்தான்தான்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நிறுத்தும் கட்டையிலிருந்து வயரை இழுத்து, டவுனில் ஒரு ரேடியோ திருத்துகிறவரிடம் ஈயம் வைத்து, என் கைக்கு ஒரு பொத்தான் செய்து கொண்டுவந்திருக்கிறார். இத்தனை அன்பை இவ்வளவு ஆபத்தான உருவத்தில் செய்ய அவரால் மட்டும்தான் முடியும்.

சாவடிக்குப் பொறுப்பான பெரியவர் தொப்பை வைத்த, களைத்துப்போன மனிதர். பொத்தானைத் தூரத்திலிருந்தே காட்டி, "மேக்க எபுவொத் மொகத வென்னே?" என்று கேட்டார். இதை அழுத்தினால் என்ன நடக்கும்? பிடித்ததிலிருந்து ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லை. தாத்தா தன் சரளமான சிங்களத்தில், அழுத்தினால் இந்தப் பிள்ளையின் பால் பொங்காது என்று ஆரம்பித்து எங்கள் வீட்டு வழக்கு முழுவதையும் எடுத்துவைத்தார். பெரியவர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த சின்ன டீவியைக் காட்டினார். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் மனமில்லாமல் எழும்பி வயர்களை மாட்டினார்.

டாங்கிகள் வந்தன. முதலாவதைக் கான்ஸ்டபிள் எடுத்துக்கொண்டார். எனக்கு வழக்கம்போல் இரண்டாவது. கான்ஸ்டபிளின் டாங்கி வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் அழுத்துகிறார், அழுத்துகிறார், நகரவில்லை. இது பொய்ச் சாமான் என்று அவர் முகம் மாறத் தொடங்கியது. நான் ஒற்றை டாங்கியோடு பறவையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கை வியர்த்து வழுக்கியது. அப்போது வாங்கிலிருந்து ஒரு குரல். தன் உயிர் ஊசலாடுகிற இடத்திலும் என் கணவருக்குப் பொறுக்கவில்லை. நகத்தைச் சரித்து ஊன்றச் சொல்லி, பெருவிரலை உயர்த்திக் காட்டி, உடைந்த சிங்களத்தில் பாடம் நடத்தினார். கான்ஸ்டபிள் அப்படியே செய்தார். டாங்கி இடப்பக்கம் போனது. கான்ஸ்டபிள் "ஆ!" என்றார்.

"இப்போது அதை அழுத்து" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அழுத்தினேன். எல்லாம் நின்றது. பாதி வழியில் பறந்த குண்டுகூட அந்தரத்தில் அப்படியே நின்றது. என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒன்றை நிறுத்தியிருக்கிறேன் என்று தோன்றியது.

"நவத்தினவா சேர்" என்றேன். நிற்கும், அவ்வளவுதான்.

பெரியவர் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தார். தானே அழுத்தினார், ஓடியது. மறுபடி அழுத்தினார், நின்றது. புது வீட்டு மணியை அடித்துப் பார்க்கும் குழந்தைபோல் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு அடையாள அட்டையை மேசைமேல் வைத்து, "ஹரி, யன்ன" என்றார். போகலாம்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். அந்த மௌனத்துக்கு நான் பயந்தேன். விட்டுவிட்டார்கள் என்றாலும் ஆள் இன்னும் அந்த வாங்கிலேயே உட்கார்ந்திருக்கிறாரோ என்று பயந்தேன்.

மாலையில் டீவி கேமை நானே மாட்டினேன். முதலாவதை அவர் மடியில் வைத்தேன். சும்மா வைத்திருந்தார், பிறகு பெருவிரல் தானாக ஊன்றியது. ஒரு கட்டம் தாண்டினோம், இரண்டாவதும் தாண்டினோம். அடுப்பில் பால் சீறியது. நான் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், டாங்கிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் இருவரின் டாங்கியும் செத்து, சுவர் இடிந்து, பறவையும் போய்விட்டது. அவர் கையில் கொன்ட்ரோலரை வைத்துக்கொண்டு திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"நீரும் அமத்தினீரே?" என்றார்.

பால் சீறியதும் அவரும் எனக்காக அழுத்தியிருக்கிறார். நான் நிறுத்தியதை, திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு, அவர் ஓடவிட்டிருக்கிறார். அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து தாத்தா என்னவென்று கேட்கும்வரை சிரித்தார்.