வீடு பார்க்கப் போனோம், குலசாமியைக் கேட்டார்கள்

இன்று காலை தேனியில் புறநகர்த் தெரு ஒன்றில் வீடு பார்க்கப் போனோம்.

வீட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் தெருவைப் பார்ப்போம் என்றாள் மனைவி. சாக்கடை தேங்குகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கார் திரும்புமா என்று நடந்தே பார்த்தோம். எல்லாம் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார்.

"வாங்க, எந்த ஊரு?"

"கோம்பை."

"கோம்பையில எந்தத் தெரு?"

சொன்னேன்.

"குலசாமி எங்கன இருக்கு?"

அதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாதி என்னவென்று நேராகக் கேட்கத் துணிச்சல் கிடையாது. அதற்குச் சாமியை இழுக்கிறார்கள்!

மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் கூட வந்த புரோக்கருக்குப் போன் வந்துவிட்டது.

"ஓனர் இப்ப விக்கலைன்னு சொல்றாக சார்."

"வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு போர்டு தொங்குதேண்ணே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது வேற ஆளுகளுக்கு சார்."

குலசாமியைக் கேட்காமல் வீடு விற்கிற தெரு தேனியில் எங்காவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சாக்கடை தேங்கினாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறோம்.